கரிய ஒளியின் வரலாறு

ஒளி என்றால் கண்ணுக்குப் புலனாவது என்றே நாம் பொருள் கொள்ளுகிறோம். இருளை அகற்றுவது எதுவோ அதுவே ஒளி என்பது சிறு குழந்தையும் அறிந்த இலக்கணம். அவ்வாறிருக்க, 'கரிய ஒளி' என்று ஒருவர் சொன்னால் அது 'வெள்ளைக் காகம்' என்பது போன்ற முரண்பாடாகத் தோன்றும். ஆயினும் அப்பெயர் பூண்ட விளக்கு ஒன்று உண்மையாகவே இருக்கிறது. வங்கியில் பணத்தாளைச் சோதிப்பவர் கையிலும், தோல் நோய் மருத்துவரின் மேசையிலும், நாடக அரங்கிலும், கலைப்பொருட் காட்சிச்சாலையின் ஆய்வுக்கூடத்திலும் அது பயன்படுகிறது. அதை ஏற்றினால் அறை பெரும்பாலும் இருட்டாகவே இருக்கும். விளக்கில் மட்டும் மங்கிய ஊதா நிறம் தெரியும். ஆனால் அவ்விருட்டில் சில பொருள்கள் தாமே ஒளி வீசுவனபோலப் பளிச்சென்று தோன்றும். வெள்ளைச் சட்டை நீல வெண்மையாகச் சுடர்விடும். அதை அணிந்தவரின் முகமோ இருளில் மறைந்திருக்கும்.

இந்த விந்தை எவ்வாறு நிகழ்கிறது, இதனை மனிதன் எவ்வாறு கண்டறிந்தான் என்பதே இப்பேச்சின் பொருள். கண்ணுக்குத் தெரியாத ஒன்றை 'இருக்கிறது' என்று துணிவதற்கு அறிவியலார் எத்தகைய சான்றுகளைத் தேடினார்கள் என்பதையும் இவ்வரலாறு நமக்குக் காட்டும். கரிய ஒளியை இன்று பயன்படுத்தும்போதும் நாம் அத்தகைய சான்றுகளையே தேட வேண்டியிருக்கிறது.

கதை 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டில் தொடங்குகிறது. செவில் நகரத்து மருத்துவராகிய நிக்கோலாஸ் மொனார்தெஸ், அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த மருந்துப் பொருள்களை ஆராய்ந்து 1565-ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். மெக்சிக்கோவிலிருந்து வந்த ஒரு மரத்தைப் பற்றியும் அதில் எழுதினார். சிறுநீரக நோய்க்கு மருந்தாகக் கருதப்பட்ட அம்மரத்தைச் சீவித் தெளிந்த நீரில் ஊறவைத்தால், நீர் நீல நிறம் காட்டியது. ஏறத்தாழ நூறாண்டு கழித்து இங்கிலாந்தில் ராபர்ட் பாயில் என்னும் அறிஞர் அந்நீரை மேலும் கூர்ந்து நோக்கி, 1664-ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டார். குப்பியை ஒளிக்கு எதிரே பிடித்து ஊடுருவிப் பார்த்தால் பொன்னிறம். ஒளியைத் தமக்குப் பின்னால் வைத்துப் பார்த்தால் நீலம். சிறிதளவு அமிலம் சேர்த்தவுடன் நீலம் மறைந்தது. அந்நீலம் எங்கிருந்து வந்தது என்பதை அவராலும் கூற இயலவில்லை. அதற்கு வேண்டிய ஓர் உண்மை அக்காலத்தில் எவருக்கும் தெரியாது. ஞாயிற்றின் ஒளியில் கண்ணுக்குப் புலனாகாத பகுதியும் உண்டு என்பதே அவ்வுண்மை.

அவ்வுண்மை வெளிப்பட 1800-ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. முப்பட்டகத்தின் வழியாகச் செல்லும் வெள்ளொளி சிவப்பு முதல் ஊதா வரை பல நிறங்களாகப் பிரிகிறது என்பதை நியூட்டன் முன்பே காட்டியிருந்தார். அந்நிற வரிசையை நிறமாலை என்கிறோம். வானியல் அறிஞர் வில்லியம் ஹெர்ஷல் 1800-இல் நிறமாலையின் ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்து, எதில் வெப்பம் மிகுதி என்று அளந்தார். சிவப்புக்கு அப்பால், நிறமே இல்லாத இடத்தில் வைத்த வெப்பமானியிலும் பாதரசம் உயர்ந்தது. இன்று அகச்சிவப்புக் கதிர் என்று வழங்கும் காணா ஒளி இவ்வாறு வெளிப்பட்டது. ஹெர்ஷல் மறுமுனையாகிய ஊதாவுக்கு அப்பாலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். அங்கு அது அசையவில்லை. எனவே அப்பக்கம் ஒன்றும் இல்லை என்று எவரும் நினைத்திருக்கக் கூடும்.

ஜெர்மனியில் ஜேனா நகரில் வாழ்ந்த இளைஞர் ஒருவர் அவ்வாறு நினைக்கவில்லை. அவர் பெயர் யோஹான் வில்ஹெல்ம் ரிட்டர். மருந்துக் கடையில் தொழில் பயின்று பின்னர் அறிவியலுக்கு வந்தவர் அவர். இயற்கையில் எதற்கும் எதிர்முனை ஒன்று உண்டு என்பது அவருடைய நம்பிக்கை. சிவப்புக்கு அப்பால் காணாக் கதிர் இருக்குமாயின், ஊதாவுக்கு அப்பாலும் இருந்தே தீரவேண்டும் என்று அவர் கருதினார். நம்பிக்கை எவருக்கும் இருக்கலாம். அதற்குச் சான்று எங்கே? வெப்பமானி ஊமையாக நின்ற இடத்தில் வேறொரு சாட்சியை நிறுத்தினார் ரிட்டர். வெள்ளிக் குளோரைடு என்னும் உப்பு ஒளிபட்டால் கறுக்கும் என்பதும், மற்ற நிறங்களைவிட ஊதாவில் அது விரைந்து கறுக்கும் என்பதும் ஷீலே என்னும் வேதியியல் அறிஞரால் 1777-ஆம் ஆண்டிலேயே அறியப்பட்டிருந்தன. அவ்வுப்பு தோய்த்த தாளை 1801-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் ரிட்டர் நிறமாலையில் வைத்தார். ஊதா நிறத்திலும் தாள் கறுத்தது. ஆனால் ஊதாவையும் கடந்து, கண்ணுக்கு வெறும் இருட்டாகத் தோன்றிய இடத்தில் அதைவிட மிகுதியாகக் கறுத்தது.

புற ஊதாக் கதிர் உலகுக்கு அறிமுகமானது இவ்வாறுதான். அதைக் கண்டபொழுது ரிட்டருக்கு 24 வயது. வறுமையும், தம் உடலிலேயே மின்சாரத்தைச் செலுத்திச் செய்துகொண்ட கடும் சோதனைகளும் அவரை வாட்டின. 1810-ஆம் ஆண்டில், 33-ஆம் வயதில், அவர் மியூனிக் நகரில் மறைந்தார். தாளைக் கறுக்கச் செய்யும் கதிர் என்ற அளவில்தான் அன்று அவருடைய கண்டுபிடிப்பு விளங்கிற்று. கறுக்கச் செய்யும் அக்கதிரே பொருள்களை ஒளிரவும் செய்யும் என்பது பின்னர் வந்த செய்தி.

அச்செய்திக்கு வழிகாட்டியது நம் நாட்டார் நன்கறிந்த ஒரு மருந்து. மலேரியாக் காய்ச்சலுக்குக் கொடுக்கப்பட்ட கொயினா என்னும் கசப்பு மருந்தே அது. சின்கோனா மரப்பட்டையிலிருந்து 1820-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்தில் பெல்லத்தியே, கவந்து என்னும் இருவர் அதைப் பிரித்தெடுத்தனர். நாற்பது ஆண்டுகளுக்குப் பின் நம் நீலகிரி மலையிலும் அம்மரம் பயிரிடப்பட்டது. கொயினா கரைந்த நீர் பச்சைத் தண்ணீர்போல் நிறமற்றது. ஆனால் வெயிலில் வைத்தால் அதன் மேற்பரப்பில் மெல்லிய நீல ஒளி படர்கிறது. வில்லியம் ஹெர்ஷலின் மகன் ஜான் ஹெர்ஷல் இதனை 1845-இல் ஆராய்ந்தார். ஒருமுறை கொயினா நீருக்குள் சென்று வெளிவந்த ஒளி, இரண்டாவது குப்பியிலுள்ள கொயினா நீரில் நீல நிறத்தை உண்டாக்கவில்லை என்பதையும் கண்டார். முதற்குப்பி அவ்வொளியிலிருந்து எதையோ பிடித்து வைத்துக்கொண்டது என்பது தெளிவு. அது எது என்பதை அவர் அறியவில்லை. தந்தை ஒரு முனையிலே காணா ஒளியைக் கண்டார். மகனோ மறுமுனையின் வாயில் வரை வந்து திரும்பிவிட்டார்.

வாயிலைத் திறந்தவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ். 1852-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட சோதனையை ஒரு பள்ளி மாணவனும் விளங்கிக்கொள்ளலாம். இருண்ட அறையில் ஞாயிற்றொளியை முப்பட்டகங்களால் பிரித்து நிறமாலையாக்கினார். கொயினா நீர் நிறைந்த கண்ணாடிக் குழாய் ஒன்றைச் சிவப்பில் தொடங்கி மெல்ல நகர்த்தினார். சிவப்பில் ஒன்றும் நிகழவில்லை. மஞ்சளிலும் பச்சையிலும் ஒளி தண்ணீரினூடே செல்வதுபோல் தடையின்றிச் சென்றது. ஊதாவின் எல்லையை அடைந்ததும் குழாய் நீல ஒளி வீசத் தொடங்கியது. அவர் நிறுத்தவில்லை, ஊதாவையும் கடந்து இருட்டிற்குள் குழாயை நகர்த்தினார். அங்கும் அது ஒளிர்ந்தது.

ஒளியே இல்லாத இடத்தில் ஒரு பொருள் ஒளிர்வானேன்? அங்குக் காணாக் கதிர் இருக்கிறது; கொயினா அதை உண்டு, கண்ணுக்குத் தெரியும் நீல ஒளியாக மாற்றி உமிழ்கிறது. இதுவே ஸ்டோக்ஸ் கண்ட விடை. வெளிவரும் ஒளியின் அலைநீளம், உட்சென்ற ஒளியின் அலைநீளத்தைவிட மிகுதியாகவே இருக்கும் என்ற விதியையும் அவர் வகுத்தார். மொனார்தெசையும் பாயிலையும் வியக்கவைத்த மரச்சாற்றின் நீலமும் இதுவேயாம். இந்நிகழ்ச்சிக்கு அவர் முதலில் இட்ட பெயர் அவருக்கே பிடிக்கவில்லை. இவ்வாறு ஒளிரும் புளோர்ஸ்பார் என்னும் கனிமத்தை நினைத்து, 'புளோரெசென்ஸ்' என்று அழைக்கலாமோ என்று ஓர் அடிக்குறிப்பில் எழுதிவைத்தார். அந்த அடிக்குறிப்புப் பெயரே உலகெங்கும் நிலைத்துவிட்டது. தமிழில் அதனை உடனொளிர்வு என்கிறோம்.

அலைநீளம் ஏன் கூடவேண்டும் என்பதற்கு அவர் காலத்தில் முழு விளக்கம் இல்லை. 1905-ஆம் ஆண்டில் ஐன்ஸ்டைன், ஒளியின் ஆற்றல் தனித்தனிப் பொட்டலங்களாகவே வருகிறது என்ற கருத்தை வெளியிட்டார். அக்கருத்துக்கு ஆதரவாக அவர் காட்டிய சான்றுகளுள் ஸ்டோக்சின் விதியும் ஒன்று. அலைநீளம் குறையக் குறையப் பொட்டலத்தின் ஆற்றல் மிகும். எனவே புற ஊதாப் பொட்டலம் பெரிய நோட்டுப் போன்றது. நீலமும் பச்சையும் சிவப்பும் அதனினும் சிறிய நோட்டுகள். கடைத்தெருவில் நோட்டு மாற்றிக் கொடுப்பவன் தனக்குரிய தரகை எடுத்துக்கொண்டு மீதியைத் தருவதுபோல், உடனொளிரும் பொருளின் மூலக்கூறு புற ஊதாப் பொட்டலத்தை வாங்கி, ஒரு பகுதியை வெப்பமாகத் தானே வைத்துக்கொண்டு, எஞ்சியதைச் சிறிய பொட்டலமாகத் திருப்பித் தருகிறது. அச்சிறிய பொட்டலம் நம் கண்ணுக்குத் தெரியும் நிறமாக இருக்கிறது. இத்தனையும் ஒரு நொடியின் கோடியில் ஒரு பங்கு போன்ற மிகச் சிறிய காலத்தில் முடிந்துவிடும். ஆதலால் விளக்கை அணைத்ததும் ஒளிர்வும் நின்றுவிடுகிறது.

நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் வரை. நானோமீட்டர் என்பது ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. கரிய ஒளி விளக்கு வீசுவது பெரும்பாலும் 320-க்கும் 400-க்கும் இடைப்பட்ட கதிர்கள். நம் கண்ணின் வில்லை இவற்றைத் தடுத்துவிடுவதால் நாம் இவற்றைக் காண்பதில்லை. எல்லா உயிர்களுக்கும் இவ்விதி பொருந்தாது. எறும்புப் புற்றைத் திறந்து நிறமாலையை அதன்மேல் விழச் செய்தால், ஊதாவுக்கு அப்பால் கிடக்கும் தம் கூட்டுப்புழுக்களை எறும்புகள் விரைந்து தூக்கிக்கொண்டு வேறிடம் செல்வதை 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜான் லப்பக் கண்டார். நமக்கு இருளாக இருந்த இடம் எறும்புக்கு வெளிச்சமாக இருந்தது. தேனீக்களுக்கும் இக்கதிர் புலனாகும் என்பது பின்னர் உறுதியாயிற்று.

இனி, அமெரிக்காவின் பால்டிமோர் நகருக்குச் செல்வோம். அங்கு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர் ராபர்ட் வில்லியம்ஸ் வுட். கரிய ஒளி விளக்கை நமக்குத் தந்தவர் அவரே. அவர் வாழ்வில் நடந்த வேறொரு நிகழ்ச்சியை முதலில் கூறவேண்டும்.

எக்ஸ் கதிரும் கதிரியக்கமும் கண்டுபிடிக்கப்பட்ட பரபரப்பு அடங்காத காலம் அது. 1903-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் நான்சி நகரத்துப் பேராசிரியர் புளோந்தலோ, 'என் கதிர்' என்னும் புதிய காணாக் கதிர் ஒன்றைக் கண்டதாக அறிவித்தார். அது படும்போது மங்கிய ஒளி சற்றே மிகுந்து தோன்றும் என்பதே அவர் காட்டிய சான்று. வேறு பலரும் அதனைத் தாங்களும் கண்டதாக எழுதினர். கண்ணுக்கு எட்டவில்லை என்றவர்களும் இருந்தனர். 1904-இல் வுட் நேரில் சென்றார். இருட்டறையில் அலுமினிய முப்பட்டகத்தால் அக்கதிரைப் பிரித்து அளந்து காட்டிக்கொண்டிருந்தபொழுது, வுட் ஓசையின்றி அம்முப்பட்டகத்தை எடுத்துவிட்டார். ஆயினும் அளவுகள் முன்போலவே கூறப்பட்டன. கதிர் அங்கு இல்லை. காணவேண்டும் என்ற ஆவலே அங்கு இருந்தது. வுட் இதனை அவ்வாண்டே அறிவியல் இதழில் எழுதினார். 'என் கதிர்' அத்துடன் வழக்கொழிந்தது.

புளோந்தலோ பொய்யர் அல்லர், மதிப்புமிக்க அறிஞர். அவர் நிறுத்திய சாட்சி அவருடைய கண்ணாகவே இருந்தது என்பதுதான் பிழை. ரிட்டரின் தாள் எவர் பார்த்தாலும் கறுத்தே இருந்தது. ஸ்டோக்சின் குழாய், கதிரை மறைத்தால் அணைந்தது, திறந்தால் ஒளிர்ந்தது. 'கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்' என்று நம் முன்னோர் கூறியதற்கு இதனினும் சிறந்த விளக்கம் வேண்டுமோ?

இல்லாத கதிரைப் போக்கிய அதே வுட், இருக்கும் காணாக் கதிரைப் பிறருக்குக் காட்டவும் வழி கண்டார். பாதரச ஆவியில் மின்சாரத்தைச் செலுத்தினால் புற ஊதாக் கதிர் மிகுதியாகக் கிடைக்கும். ஆனால் கண்ணைக் கூசச் செய்யும் ஒளியும் உடன் வரும். அப்பேரொளியில் உடனொளிர்வின் மெல்லிய ஒளி அமுங்கிப்போகும். பகலில் விண்மீன் தெரியாதது போலத்தான். கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுத்து, புற ஊதாவை மட்டும் விடும் வடிகட்டி வேண்டும். வுட் பல ஆண்டுகள் முயன்று, நிக்கல் ஆக்சைடு கலந்த கரிய கண்ணாடி ஒன்றை உருவாக்கினார். அக்கண்ணாடியூடே 365 நானோமீட்டர் அலைநீளமுள்ள கதிர் நன்கு செல்லும். முதல் உலகப் போரின்போது, பகைவர் கண்ணுக்குத் தெரியாமல் குறிப்புகள் அனுப்ப அவர் இதனைக் கையாண்டார். அனுப்புவோர் விளக்கு இருளாகவே தோன்றும். பெறுவோர் கையிலுள்ள தொலைநோக்கியினுள் உடனொளிரும் சிறு திரை மட்டும் மின்னும்.

போருக்குப் பிறந்த கருவி அமைதிக் காலத்தில் மருத்துவத்துக்கு வந்தது. 1925-ஆம் ஆண்டில் மார்கரோ, தெவேஸ் என்னும் பிரெஞ்சு மருத்துவர் இருவர், தலையில் தோன்றும் படர்தாமரையைச் சோதிக்க வுட்டின் விளக்கைப் பயன்படுத்தினர். நோய்க்குக் காரணமான சில வகைக் காளான்கள் பற்றிய மயிர் அவ்விளக்கில் பச்சையாக ஒளிர்கிறது. எந்தப் பிள்ளைக்கு நோய் தொற்றியிருக்கிறது என்பதை விரைந்து அறிய இது துணைசெய்தது. இன்றும் தோல் மருத்துவர்கள் இதனை 'வுட் விளக்கு' என்றே அழைக்கின்றனர். ஒன்று மட்டும் நினைவிற்கொள்ள வேண்டும். எல்லாக் காளான்களும் ஒளிர்வதில்லை. ஒளிர்ந்தால் ஐயம் வலுக்கும். ஒளிராததால் நோயில்லை என்று ஆகாது.

கரிய ஒளி வீட்டு வாழ்வினுள் நுழைந்த வழிகள் பல. 1929-இல் பவுல் கிரைஸ் என்னும் ஜெர்மானிய வேதியியல் அறிஞர், ஒருவகை மரப்பட்டையில் கிடைக்கும் எஸ்குலின் என்னும் பொருளின் கரைசலில் துணியை நனைத்தால் அது முன்னிலும் வெண்மையாகத் தோன்றுவதைக் காட்டினார். பழந்துணி நீல ஒளியைச் சிறிது விழுங்குவதால் பழுப்பு நிறம் கொள்கிறது. எஸ்குலின் வெயிலிலுள்ள புற ஊதாவை நீலமாக மாற்றி அக்குறையை ஈடுசெய்கிறது. சலவைத் தொழிலாளர் பயன்படுத்திய நீலப்பொடியும் பழுப்பை மறைத்தது. ஆனால் ஒளியைக் கூட்டவில்லை. எஸ்குலின் துணியில் நிலைக்காமையால், பின்னர் வேறு வெண்மையூக்கிப் பொருள்கள் செய்யப்பட்டன. அவையே இன்று சலவைத்தூளிலும் எழுதும் தாளிலும் கலந்திருக்கின்றன. வெள்ளைச் சட்டை கரிய ஒளியில் சுடர்விடுவது இதனால்தான். அச்சுடர் துணியின் தூய்மைக்குச் சான்று அன்று. வெண்மையூக்கி ஒட்டியிருப்பதற்கே சான்று.

கலிபோர்னியாவில் ராபர்ட் ஸ்விட்சர் என்னும் மாணவர் 1933-இல் தலையில் காயமுற்று, இருண்ட அறையில் ஓய்வெடுக்க நேர்ந்தது. செப்பிடுவித்தையில் நாட்டமுள்ள அவர் தம்பி ஜோசப்பும் அவரும் புற ஊதா விளக்கு ஒன்றைக் கொண்டு, தந்தையின் மருந்துக் கடையில் எவ்வெப்பொருள் ஒளிர்கின்றது என்று தேடினர். அத்தேடலிலிருந்து ஒளிரும் வண்ணங்கள் பிறந்தன. மேடை வித்தைக்குத் தோன்றிய அவ்வண்ணங்கள் பின்னர் விளம்பரப் பலகைக்கும் பாதுகாப்பு உடைக்கும் வந்தன. 1940-களில் உடனொளிரும் எண்ணெய்ச் சாயம் விமானங்களின் உலோக உறுப்புகளைச் சோதிக்கவும் உதவிற்று. சாயத்தைப் பூசித் துடைத்துவிட்டால், கண்ணுக்குத் தெரியாத விரிசலினுள் சென்ற சாயம் மட்டும் தங்கும். கரிய ஒளியில் அது கோடாக ஒளிரும். பறக்கும்போது முறியக்கூடிய உறுப்பு தரையிலேயே அகப்பட்டுவிடுகிறது.

வீடுகளிலும் பள்ளிகளிலும் பல்லாண்டுகள் ஒளி தந்த குழல் விளக்கும் இவ்வினத்ததே. அமெரிக்காவில் 1938-இல் விற்பனைக்கு வந்த அவ்விளக்கினுள் பாதரச ஆவி வீசுவது பெரும்பாலும் 254 நானோமீட்டர் புற ஊதாக் கதிர். குழலின் உட்புறம் பூசிய வெண்பொடி அதனை வெள்ளொளியாக மாற்றுகிறது. அப்பொடிக்குப் பதிலாக வேறு பொடியைப் பூசிக் கரிய கண்ணாடியால் குழலைச் செய்தால், அதுவே கரிய ஒளி விளக்கு ஆகிவிடும். இன்று குழல் விளக்கின் இடத்தைப் பிடித்துவரும் எல்.இ.டி. விளக்கிலும், நீல ஒளியின் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்றியே வெள்ளொளி ஆக்குகின்றனர். ஸ்டோக்சின் விதி அங்கும் ஆட்சி செய்கிறது.

பணத்தாளுக்கு வருவோம். 1996-ஆம் ஆண்டு முதல் வந்த மகாத்மா காந்தி வரிசை ரூபாய் நோட்டுகளில் எண்கள் உடனொளிரும் மையால் அச்சிடப்பட்டுள்ளன. தாளினுள் ஒளிரும் இழைகளும் உண்டு. கரிய ஒளியில் எண்களும் இழைகளும் மின்னும். பருத்தியால் ஆன தாள் மங்கியே இருக்கும். கடையில் வாங்கிய தாளில் அச்சிட்ட போலி நோட்டோ வெண்மையூக்கியின் விளைவாக முழுவதும் நீலமாக ஒளிரும். எனினும் சட்டைப்பையில் மறந்து சலவைக்குப் போன நல்ல நோட்டும், சலவைத்தூளின் வெண்மையூக்கி படிந்து, அவ்வாறே ஒளிரக்கூடும். ஒரே சாட்சியை நம்பிக் கூலியாள் ஒருவர் கையிலுள்ள நோட்டைப் போலி என்று தள்ளிவிட்டால், அவருடைய ஒருநாள் உழைப்பே வீணாகிவிடும் அன்றோ? ஆகவே நீர்க்குறி, பாதுகாப்பு இழை முதலிய பிற அடையாளங்களையும் பார்த்தே முடிவு செய்யவேண்டும்.

குருதிக் கறை கரிய ஒளியில் பளிச்சிடும் என்று பலர் நம்புகின்றனர். அது உண்மையன்று. குருதி புற ஊதாவை விழுங்கி மேலும் கருமையாகவே தோன்றும். குற்ற ஆய்வாளர் தெளிக்கும் லுமினால் என்னும் மருந்து குருதியைத் தொட்டதும் வேதிவினையால் ஒளிர்கிறது. அதற்குக் கரிய ஒளி வேண்டுவதில்லை. தேளோ உண்மையாகவே ஒளிரும். அதன் மேலோட்டில் உள்ள பொருள்களால் இரவில் நீலப்பச்சையாகத் தெரியும். ஆனால் புதிதாகத் தோலுரித்த தேள், ஓடு கெட்டிப்படும் வரையில் ஒளிர்வதில்லை.

இக்காணா ஒளி மனித குலத்துக்கு மீட்டுக்கொடுத்த செல்வம் ஒன்றையும் கூறவேண்டும். கிரேக்க அறிஞர் ஆர்க்கிமிடீசின் நூல்கள் சில 10-ஆம் நூற்றாண்டில் தோல் ஏட்டில் படியெடுக்கப்பட்டன. 13-ஆம் நூற்றாண்டில் அவ்வேட்டின் எழுத்துகளைச் சுரண்டிக் கழுவி, அதன்மேல் கிறித்தவ வழிபாட்டு நூலை எழுதிவிட்டனர். 1906-இல் ஹைபர்க் என்னும் டென்மார்க்கு நாட்டு அறிஞர் கான்ஸ்டாண்டிநோபிளில் அதனைக் கண்டு, உருப்பெருக்கிக் கண்ணாடியின் துணையால் இயன்றவரை படித்தார். பின்னர் மறைந்து, 1998-இல் ஏலத்துக்கு வந்த அவ்வேடு, பால்டிமோரிலுள்ள வால்டர்ஸ் காட்சிச்சாலையில் ஏறத்தாழ பத்தாண்டுகள் ஆராயப்பட்டது. புற ஊதாக் கதிர் பட்டதும் தோல் ஒளிரும்; பழைய மையின் சுவடு இருந்த இடம் கருமையாக நிற்கும். வேறு பல நிற ஒளிகளிலும் எடுத்த படங்களோடு அதனை ஒப்பிட்டும், சில பக்கங்களுக்கு எக்ஸ் கதிரைப் பயன்படுத்தியும், அழிந்துபோன வரிகளைப் படித்தனர். ஆர்க்கிமிடீஸ் தம் கணித முடிவுகளை எவ்வழியில் கண்டார் என்று கூறும் நூலுக்கு இன்றுள்ள கிரேக்கப் படி அவ்வொன்றே. வுட் வாழ்ந்த நகரத்திலேயே இப்பணி நடந்தது பொருத்தமே.

மாணவர்களும் இவ்வொளியைத் தாமே சோதிக்கலாம். பணத்தாள் பார்க்கும் சிறு கைவிளக்கு இன்று எளிதில் கிடைக்கிறது. கொயினா கலந்த டானிக் பானம் நீலமாக ஒளிரும். மஞ்சள் தூளைச் சாராவியில் கரைத்தால் பசுமஞ்சளாக ஒளிரும். பச்சிலைச் சாற்றைச் சாராவியில் இறக்கினால் இரத்தச் சிவப்பாக ஒளிரும். சாராவி எளிதில் தீப்பற்றுமாதலால், ஆசிரியர் உடனிருக்க, நெருப்பு இல்லாத இடத்தில் இதைச் செய்க. விளக்கை நேரே நோக்கலாகாது. பிறர் கண்ணிலும் அதை அடிக்கலாகாது. கிருமி கொல்லப் பயன்படும் 254 நானோமீட்டர் விளக்கு வேறு. கரிய ஒளி வேறு. முன்னது கண்ணையும் தோலையும் சுட்டுவிடும். 2020-ஆம் ஆண்டின் கொள்ளைநோய்க் காலத்தில் மக்கள் அத்தகைய விளக்குகளை நாடியபொழுது, கையையும் தோலையும் அவற்றால் தூய்மை செய்யலாகாது என்று உலகச் சுகாதார நிறுவனம் எச்சரிக்க நேர்ந்தது.

இவ்வாறு சோதிக்கும்பொழுது ஒவ்வொரு பொருளையும் இருமுறை பாருங்கள். விளக்கை மறைத்து ஒருமுறை, திறந்து ஒருமுறை. ஒளிரும் பொருளோடு ஒளிராத பொருளையும் அருகில் வைத்து ஒப்பிடுங்கள். விளக்கை மறைத்தது எப்போது என்பதை அறியாத நண்பர் ஒருவரையும் பார்க்கச் சொல்லி, அவர் காண்பதைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நான்சி நகரத்து இருட்டறையில் செய்யத் தவறியது இதுதான்.